போப் டார்வினிடம் சரணடைந்தாரா?



சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் கைப்பேசிகளுக்கு ஒரே செய்தி வெவ்வேறு உடை அணிந்து வந்து சேர்கிறது. "பரிணாமக் கோட்பாடு சரியே என்று போப் ஒப்புக்கொண்டு விட்டார், கிறிஸ்தவம் டார்வினிடம் சரணடைந்தது, எஞ்சி நிற்பவர்கள் நாம் மட்டுமே!" என்று அது முழங்கும். கீழே வெற்றிக் களிப்போடு பலர் தக்பீர் எழுதுவார்கள். போப் என்ன சொன்னார் என்பதை அனுப்பியவரும் படித்திருப்பதில்லை, பெற்றவரும் படிப்பதில்லை. அடுத்த நிமிடமே அது இன்னும் நான்கு குழுக்களுக்குப் பறந்துவிடும்.

இக்கட்டுரை அந்தச் செய்திக்கு எதிராக எழுதப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை டார்வினிடம் சரணடையவில்லை. அதே வேளையில், 'பரிணாமத்துக்கும் எங்கள் நம்பிக்கைக்கும் இடையே சிக்கலே இல்லை' என்று அச்சபையின் எழுத்தாளர்கள் சிலர் கூறுவதும் முழு உண்மையன்று. மனித உடலின் தோற்றம் குறித்து அவர்கள் தங்கள் கொள்கைக்குள்ளேயே ஒரு வழியைக் கண்டுகொண்டார்கள். ஆதம் குறித்து இன்னும் வழி காணாமல் நிற்கிறார்கள். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கைகொட்டிச் சிரிப்பது அறிவுமன்று, நீதியுமன்று.

வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு நமக்குக் கட்டளை உள்ளது (49:6). ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்ற கட்டளையும் உள்ளது (5:8). இவை முஸ்லிம்களைப் பற்றிய செய்திகளுக்கு மட்டும் உரியவை என்று எந்த முஃபஸ்ஸிரும் கூறவில்லை.

அவர்கள் உண்மையில் கூறியது என்ன?

டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெளிவந்தது. அக்காலத்தில் வத்திக்கான், கத்தோலிக்கர்கள் படிக்கக் கூடாத நூல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. டார்வினின் பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் எழுதிய நூலொன்று அப்பட்டியலில் இருந்தது. பேரனின் நூலோ ஒருநாளும் அதில் இடம்பெறவில்லை. 'வத்திக்கான் டார்வினைத் தடை செய்தது, பின்னர் பணிந்தது' என்ற கதை முதல் வரியிலேயே இடறி விழுகிறது.

எனினும் அவர்கள் அக்கோட்பாட்டை வரவேற்கவுமில்லை. 1860இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் கூடிய ஆயர்களின் மாகாணச் சங்கம், மனித உடல் கீழ்நிலை உயிர்களிலிருந்து தானாக மாறி வந்தது என்பதை நம்பிக்கைக்கு முரணானது என்று அறிவித்தது. 1871இல் செயின்ட் ஜார்ஜ் மிவார்ட் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்க உயிரியலாளர் வேறொரு கருத்தை முன்வைத்தார். உடல் பரிணாமத்தின் வழியே வந்திருக்கலாம், ஆன்மாவை மட்டும் இறைவன் நேரடியாகப் படைக்கிறான் என்றார் அவர். 1876இல் போப் ஒன்பதாம் பயஸ் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தார். பிற்காலத்தில் மிவார்ட் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார் என்பதும் உண்மை. அதற்குக் காரணம் நரகம் முதலிய வேறு விஷயங்களில் அவர் எழுதியவை, பரிணாமம் அன்று.

அடுத்த தலைமுறைக்குக் கெடுபிடி கூடியது. பிரெஞ்சு டொமினிக்கன் துறவி லெராய், இதே போன்ற தம் கருத்தை 1895இல் பகிரங்கமாகத் திரும்பப் பெற நேர்ந்தது. அமெரிக்கப் பாதிரியார் ஜான் ஸாம் 1896இல் எழுதிய 'பரிணாமமும் கோட்பாடும்' என்ற நூலைத் தடை செய்ய 1898இல் ரோமில் முடிவெடுக்கப்பட்டது. ஆனால் அத்தடையாணை வெளியிடப்படவேயில்லை. 1909இல் வத்திக்கானின் விவிலிய ஆணையம், முதல் மனிதர் தனிப்பட்ட முறையில் படைக்கப்பட்டதும், முதல் பெண் அவரிலிருந்து உருவானதும், மனித இனம் ஒன்றே என்பதும் வரலாற்று உண்மைகள் என்றும் அவற்றை ஐயுறக் கூடாது என்றும் பதிலளித்தது.

பிறகு 1950 ஆகஸ்ட் 12 அன்று போப் பன்னிரண்டாம் பயஸ் 'ஹுமானி ஜெனெரிஸ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். இவ்விவகாரத்தின் அச்சாணி அதுதான். அதில் மூன்று செய்திகள் உள்ளன. மனித உடல் முன்பே இருந்த உயிருள்ள பொருளிலிருந்து வந்ததா என்பதை அறிஞர்கள் இரு தரப்பு வாதங்களையும் நிதானமாக எடைபோட்டு ஆராயலாம். இறுதித் தீர்ப்பு திருச்சபைக்கு உரியது. ஆன்மாவை இறைவன் நேரடியாகப் படைக்கிறான்; இதில் விவாதத்துக்கு இடமில்லை. மனித இனம் ஒரே ஆதாமிலிருந்து வராமல் பல முதல் மனிதர்களிடமிருந்து வந்தது என்ற கருத்தைக் கத்தோலிக்கர்கள் ஏற்கலாகாது.

1996 அக்டோபர் 22 அன்று போப் இரண்டாம் ஜான் பால், வத்திக்கானின் அறிவியல் கழகத்துக்கு அனுப்பிய செய்தியில், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று குறிப்பிட்டார். நம் கைப்பேசிகளில் உலவுவது இந்த ஒரு கருத்து மட்டும்தான். மனித ஆன்மா சடப்பொருளிலிருந்து முளைத்தது என்று கூறும் பரிணாமக் கோட்பாடுகள் மனிதனைப் பற்றிய உண்மைக்கு ஒவ்வாதவை என்று அதே செய்தியில் அவர் எழுதினார். அந்தப் பகுதியை யாரும் அனுப்புவதில்லை. 2014 அக்டோபர் 27 அன்று போப் பிரான்சிஸ் அதே கழகத்தில் பேசினார். இறைவன் மந்திரக்கோல் ஏந்திய மாயவித்தைக்காரன் அல்லன் என்றும், மாறி வளரும் உயிர்கள் முதலில் படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால் பரிணாமம் படைப்புக்கு முரணாகாது என்றும் கூறினார். உலக ஊடகங்கள் அதைப் புதுமை என்று கொண்டாடின. அதன் அடித்தளமோ 64 ஆண்டுகளுக்கு முன்பே இடப்பட்டிருந்தது.

சரணடைபவன் கோட்டையின் திறவுகோலை ஒப்படைப்பான். இவர்களோ, டார்வினின் நூல் வந்து 91 ஆண்டுகள் கழித்து, ஓர் அறையின் கதவை ஆராய்ச்சிக்காகத் திறந்துவிட்டார்கள். ஆன்மா என்ற அறையையும் ஆதாம் என்ற அறையையும் பூட்டியே வைத்தார்கள். இதற்குச் 'சரணாகதி' என்று பெயர் சூட்டுபவர் ஒன்று படிக்காதவராக இருக்க வேண்டும், இல்லையேல் படித்ததை மறைப்பவராக இருக்க வேண்டும்.

காரணம் இருந்தால் படைத்தவன் இல்லையென்று ஆகுமா?

அந்த ஓர் அறையைத் திறப்பதற்கு அவர்களுக்கு எது துணிவளித்தது? இன்றைய அல்ஜீரியாவில் ஆயராக வாழ்ந்து 430இல் இறந்தவர் அகஸ்டின். இறைவன் தொடக்கத்தில் படைப்புகளுக்குள் விதை போன்ற ஆற்றல்களை வைத்தான், அவை உரிய காலத்தில் வெளிப்பட்டன என்று அவர் எழுதினார். ஓர் உயிரினம் மற்றோர் உயிரினமாக மாறியது என்று அவர் கூறவில்லை. அவரைப் பரிணாமவாதி என்று அழைப்பது பொய்யாகிவிடும். ஆயினும் படைப்பு என்றால் எல்லாம் ஒரே நொடியில் இன்றைய வடிவில் தோன்றியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில், நம் இப்னு ஸீனாவையும் இப்னு ருஷ்தையும் லத்தீன் மொழிபெயர்ப்பில் படித்து அவர்களோடு வாதிட்டவரான தாமஸ் அக்வினாஸ், இறைவனை முதற்காரணம் என்றும் படைப்புகளை அவன் வழியே செயல்படும் துணைக்காரணங்கள் என்றும் வகுத்தார். துணைக்காரணத்தைக் கண்டறிவது முதற்காரணத்தை மறுப்பதாகாது என்பது அவருடைய வாதம்.

இது நமக்குப் புரியாத வாதமன்று. மழையை இறக்குபவன் அல்லாஹ் என்று நம்புகிறோம். மேகம் எவ்வாறு திரள்கிறது என்பதையும் பள்ளியில் படிக்கிறோம். தாயின் கருவறையில் மனிதன் கட்டம் கட்டமாக உருவாக்கப்படுவதைக் குர்ஆன் விவரிக்கிறது (23:12-14). அந்தக் கட்டங்களை மருத்துவர் திரையில் காட்டும்போது, 'அப்படியானால் என் பிள்ளையை அல்லாஹ் படைக்கவில்லை' என்று எந்தத் தாயும் கூறுவதில்லை. காரணங்களுக்குச் சுயமான ஆற்றல் எதுவும் இல்லை என்பது நம் அஷ்அரி இமாம்களின் நிலைப்பாடு. அந்த இடத்தில் அவர்கள் அக்வினாஸுடன் உடன்பட மாட்டார்கள். ஆனால் மழைக்கு முன் மேகம் வருகிறது என்பதை அவர்களில் ஒருவரும் மறுத்ததில்லை.

ஆகவே, 'பரிணாமம் நிகழ்ந்தது, எனவே இறைவன் இல்லை' என்று கூறும் நாத்திகர் உயிரியலைப் பேசவில்லை. உயிரியலின் சட்டையை அணிந்துகொண்டு தம் தத்துவத்தைப் பேசுகிறார். 'பரிணாமத்தை ஏற்றாய், எனவே இறைவனை மறுத்தாய்' என்று கத்தோலிக்கரை நோக்கிக் கூறும் முஸ்லிமும் அதே தத்துவத்தையே பேசுகிறார். அந்த நாத்திகரின் இலக்கணத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

முள் தைக்கும் இடம்

இனி, 'சிக்கலே இல்லை' என்று கூறும் கத்தோலிக்க எழுத்தாளர்களிடம் வருவோம். உடல் குறித்த கேள்விக்கு அவர்கள் கூறும் பதில் ஏற்கத்தக்கதே. ஆனால் அவர்களுடைய மார்க்கத்தின் மையம் உடலின் தோற்றத்தில் இல்லை. அது ஆதாமின் பாவத்தில் உள்ளது.

ஒரு மனிதனின் வழியே பாவமும், பாவத்தின் வழியே மரணமும் உலகில் நுழைந்தன என்று பவுல் ரோமர்களுக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் போதித்தார். 1546இல் திரெந்து பொதுச்சங்கம் அதனைச் சட்டமாக்கியது. ஆதாமின் பாவம் பிறரைப் பார்த்துப் பழகுவதால் வருவதன்று, பிறப்பின் வழியே ஒவ்வொரு மனிதனுக்கும் இறங்குகிறது என்று அச்சங்கம் தீர்மானித்தது. பச்சிளங்குழந்தைக்கு ஞானஸ்நானம் தருவதற்கு அவர்கள் கூறும் முக்கியக் காரணம் இதுவே. இயேசு சிலுவையில் அறையப்பட்டதற்கு அவர்கள் தரும் விளக்கத்திலும் இதுவே ஆழ வேரூன்றியுள்ளது. ஒரே ஆதாம், ஒரே பாவம், அது பரம்பரையாக இறங்குதல், அதிலிருந்து மீட்பவர் ஒருவர் என்ற சங்கிலியில் முதல் கண்ணி ஆதாம். பன்னிரண்டாம் பயஸ் பல முதல் மனிதர்கள் என்ற கருத்தைத் தடுத்ததற்குக் கூறிய காரணமும் இதுவே: அக்கருத்தை ஆதிப் பாவக் கோட்பாட்டோடு எவ்வாறு பொருத்துவது என்பது தென்படவில்லை என்றார் அவர்.

1950க்குப் பின் மரபணுவியல் வளர்ந்தது. இன்று வாழும் மனிதர்களிடம் காணப்படும் மரபணு வேறுபாடுகளின் அளவைக் கொண்டு, நம் இனத்தின் முன்னோர் கூட்டம் எக்காலத்திலும் சில ஆயிரம் பேருக்குக் கீழ் குறைந்ததில்லை என்பதே அத்துறையின் பெரும்பான்மைக் கணிப்பு. அதாவது, எந்த அறையைப் போப் பூட்டினாரோ அந்த அறையின் கதவையே அறிவியல் தட்டுகிறது.

கத்தோலிக்க அறிஞர்கள் என்ன செய்தார்கள்? இருபதாம் நூற்றாண்டின் பெரும் இறையியலாளர்களில் ஒருவரான கார்ல் ரானர் 1950களில் ஒரே ஆதாம் என்பதை ஆதரித்து எழுதினார். 1960களின் பிற்பகுதியில் பல முதல் மனிதர்கள் என்ற கருத்தும் ஆதிப் பாவக் கோட்பாட்டுக்கு முரணாகாது என்று நிலை மாறினார். 2004இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட ஆவணம், முதல் மனிதர்கள் தனிநபர்களாகவோ கூட்டமாகவோ தோன்றியிருக்கலாம் என்று இரு வாய்ப்புகளையும் சேர்த்தே குறிப்பிட்டது. ஆனால் அந்த ஆணையம் ஆலோசனை கூறும் குழு. 1950இன் தடையை நீக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அத்தடை இன்றுவரை முறைப்படி விலக்கப்படவும் இல்லை.

2011இல் கென்னத் கெம்ப் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கத் தத்துவ ஆசிரியர் மற்றொரு தீர்வை முன்வைத்தார். உடலால் மனிதரை ஒத்த பல்லாயிரம் உயிர்கள் இருந்தன. அவற்றுள் இருவருக்கு மட்டும் இறைவன் பகுத்தறியும் ஆன்மாவை அளித்தான். அவர்களுடைய சந்ததியினர் மற்றவர்களோடும் கலந்து பெருகினார்கள். இன்றுள்ள அனைவரும் அந்த இருவரின் சந்ததியே, ஆனால் அவர்கள் இருவரின் சந்ததி மட்டுமே அல்லர். இத்தீர்வு தர்க்கத்தில் நிற்கக்கூடியதே; அதை மறுக்க இயலாது. ஆனால் அது கேட்கும் விலையைக் கவனியுங்கள். ஆன்மா உள்ள மகன், ஆன்மா இல்லாத பெண்ணை மணந்து குழந்தை பெற்றான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அக்குழந்தைக்குத் தந்தை மனிதன், தாய் யார்? அவள் மடியில் வளர்ந்த குழந்தை அவளை என்னவென்று அழைத்தது? இப்படி ஒரு காட்சி அவர்களுடைய வேதத்திலும் இல்லை, அறிவியலிலும் இல்லை. கோட்பாட்டைக் காப்பாற்றுவதற்கென்றே கட்டப்பட்ட பாலம் அது.

1992இல் வெளிவந்த அவர்களுடைய மறைக்கல்வி ஏடு இந்த இடத்தில் அடக்கத்தோடு நின்றுகொள்கிறது. ஆதாமின் வீழ்ச்சியைக் கூறும் அதிகாரம் உருவக மொழியில் அமைந்தது என்கிறது. ஆயினும் மனித வரலாற்றின் தொடக்கத்தில் உண்மையாகவே நிகழ்ந்த ஒன்றையே அது குறிக்கிறது என்கிறது. பாவம் எவ்வாறு பரம்பரையாக இறங்குகிறது என்பது நம்மால் முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாத மறைபொருள் என்றும் ஒப்புக்கொள்கிறது. இந்த ஒப்புதலில் நேர்மை உள்ளது. 'முரண்பாடே இல்லை' என்ற விளம்பரத்தில் அந்த நேர்மை இல்லை.

எனவே, பரிணாமம் கத்தோலிக்க நம்பிக்கைக்குப் பொருந்துமா என்று கேட்பவருக்கு என் பதில் இது: உடல் குறித்துப் பொருந்தும். ஆன்மா குறித்து, அவர்கள் இட்ட வேலிக்குள் பொருந்தும். ஆதாம் குறித்துக் கணக்கு இன்னும் முடியவில்லை.

நாம் ஏன் சிரிக்கக் கூடாது?

இதைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, அவர்கள் மாட்டிக்கொண்டார்கள்' என்று மகிழ்பவர் இன்னும் சற்றுப் பொறுக்கவும்.

ஆதிப் பாவம் என்ற முள் நம் காலில் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆதம் (அலை) அவர்கள் தவறினார்கள், தவ்பாச் செய்தார்கள், அல்லாஹ் அதை ஏற்றுக்கொண்டான் (2:37). அத்துடன் அக்கணக்கு முடிந்தது. ஒருவரின் பாவச்சுமை மற்றவர் மீது ஏற்றப்படாது என்ற நெறியைக் குர்ஆன் ஐந்து இடங்களில் நிலைநாட்டுகிறது. நம் வீட்டில் பிறக்கும் குழந்தை யாருடைய கடனையும் சுமந்து வருவதில்லை.

ஆனால் ஆதம் (அலை) நமக்கும் உண்டு. அவர்கள் நமக்கு நபி. தந்தையும் தாயுமின்றிப் படைக்கப்பட்டவர்கள். ஈஸா நபியின் படைப்பு ஆதமின் படைப்பைப் போன்றது என்று கூறும் வசனத்திலிருந்து (3:59) உலமாக்கள் விளங்கிக்கொண்டது இதுவே. நானும் அதையே நம்புகிறேன், அதையே கற்பிக்கிறேன். மனிதகுலம் முழுவதும் ஓர் ஆத்மாவிலிருந்து பல்கிப் பெருகியது என்பதும் (4:1) நம் நம்பிக்கை. அப்படியானால், 'முன்னோர் சில ஆயிரம் பேர்' என்ற மரபணுக் கணிப்பு கத்தோலிக்கரின் கதவை மட்டுமா தட்டுகிறது? நம் கதவையும் அதே கையால்தான் தட்டுகிறது. அடுத்த வீட்டுக் கதவு தட்டப்படும் ஓசை கேட்டுச் சிரிப்பவருக்குத் தம் வீட்டு வாசலில் நிற்பவர் தெரியவில்லை.

நம் அறிஞர்கள் இக்கேள்வியைக் கண்டு ஓடவில்லை. டேவிட் ஸாலமன் ஜலாஜெல் 2009இல் எழுதிய நூலில், மூலங்கள் தெளிவாகக் கூறுவதை உறுதியாகப் பற்றிக்கொண்டு, அவை மௌனம் காக்கும் இடங்களில் தீர்ப்பளிக்காமல் நிறுத்திக்கொள்ளும் 'தவக்குஃப்' நெறியை இவ்விஷயத்தில் கையாண்டார். ஆதம் (அலை) அவர்களின் படைப்பு ஒரு முஃஜிஸா போன்ற தனி நிகழ்வு. மற்ற உயிர்கள் எவ்வாறு பல்கின, பூமியின் வயது என்ன, ஆதமுக்கு முன் பூமியில் வேறு என்ன உயிர்கள் வாழ்ந்தன என்பவற்றில் நம் மூலங்கள் நம்மை எந்த முடிவுக்கும் கட்டாயப்படுத்தவில்லை. ஷுஐப் அஹ்மத் மாலிக் 2021இல் இதே விஷயத்தை இமாம் கஸ்ஸாலியின் (ரஹ்) சிந்தனையின் வெளிச்சத்தில் விரிவாக ஆராய்ந்தார். இவர்களோடு நாம் உடன்படலாம், மறுக்கலாம். ஆனால் இவர்கள் செய்தது ஆய்வு. நம் கைப்பேசியில் நடப்பது கூச்சல்.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள உண்மையான வேறுபாட்டை இங்குதான் காண வேண்டும். இக்கேள்வி திறந்தே இருந்தாலும் நம் ஈடேற்றத்தின் கணக்கு அதில் தொங்கவில்லை; மறுமையில் ஒவ்வொருவரும் தம் அமலோடு நிற்பார்கள். அவர்களுடைய மீட்புக் கோட்பாடோ அந்த முதல் கண்ணியில் தொங்குகிறது. இதை ஒரு கத்தோலிக்க நண்பரிடம் கண்ணியமாகக் கூறலாம். வேதக்காரர்களோடு அழகிய முறையில் மட்டுமே வாதிடுமாறு நமக்கு ஏவப்பட்டுள்ளது (29:46). ஏளனம் அழகிய முறைகளில் சேராது.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். பரிணாமத்துக்கு எதிராக நம்மிடையே புழங்கும் பல வாதங்கள் நம் மத்ரஸாக்களில் பிறந்தவையல்ல. பைபிளின் தலைமுறைப் பட்டியல்களைக் கூட்டி, பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று கூறும் அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் குழுக்களின் பட்டறையில் வார்க்கப்பட்டவை அவை. விட்கோம்பும் மோரிஸும் 1961இல் நூஹ் நபி காலத்து வெள்ளத்தைப் பற்றி எழுதிய நூல்தான் அவ்வியக்கத்துக்கு உயிரூட்டியது. கத்தோலிக்கத் திருச்சபை அந்த அணியில் இல்லை. 2005இல் அமெரிக்காவின் டோவர் நகரப் பள்ளியில் பரிணாமத்துக்கு மாற்றாக வேறொன்றை முன்வைக்கும் முயற்சி நீதிமன்றம் சென்றபோது, அம்முயற்சிக்கு எதிராகச் சாட்சி கூறிய முதன்மை உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். வேதக்காரர்கள் அனைவரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்று குர்ஆன் கூறியிருக்க (3:113), அவர்களில் ஒரு பிரிவின் வாதத்தை இரவல் வாங்கி மற்றொரு பிரிவை அடிப்பதும், அதற்கு இஸ்லாம் என்று பெயரிடுவதும் விந்தையே. பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டுகள்தான் வயது என்று குர்ஆன் எங்கும் கூறவில்லையே!

பிள்ளைகளின் கணக்கு

இந்தக் கூச்சலின் விலையைச் செலுத்துபவர்கள் நம் பிள்ளைகள். கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் பள்ளிகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். அங்கே உயிரியல் ஆசிரியை பரிணாமப் பாடத்தை நடத்துகிறார். அதே வளாகத்தில் தேவாலய மணி ஒலிக்கிறது. மாலையில் வீட்டுக்கு வந்தால், 'அது குஃப்ர், அவர்கள் போப்பே விழுந்துவிட்டார்' என்கிறது தந்தையின் கைப்பேசி.

என்னிடம் ஓதும் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உஸ்தாத், பரீட்சையில் அந்தப் பாடத்துக்குப் பதில் எழுதினால் ஈமான் போய்விடுமா?" நான் கூறினேன்: "அறிவியல் என்ன கூறுகிறது என்று கேட்டால், அது கூறுவதைச் சரியாக எழுது. அது அமானிதம். நீ என்ன நம்புகிறாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நம்புவதை இங்கே வந்து என்னிடம் கேள்; எவ்வளவு வேண்டுமானாலும் கேள்." அவர் அடுத்து, "அத்தாவிடம் கேட்டால் அடிப்பார்" என்றார். இந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

அடிக்குப் பயந்த பிள்ளை கேள்வியை விட்டுவிடுவதில்லை. கேட்கும் இடத்தைத்தான் மாற்றிக்கொள்கிறது. ஈமான் அல்லது உயிரியல், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நாம் நெருக்கினால், சில பிள்ளைகள் நமக்குத் தெரியாமலேயே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அவர்கள் தொப்பியும் அணிவார்கள், ஜும்ஆவுக்கும் வருவார்கள். உள்ளே வேறொருவராக இருப்பார்கள்.

இந்த ஆபத்தை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். 1111இல் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்), தத்துவவாதிகளை மறுத்து எழுதிய தம் பெருநூலின் முன்னுரையிலேயே கிரகணங்களை எடுத்துக்காட்டினார். கணக்கால் நிறுவப்பட்ட கிரகணத்தின் காரணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர், மார்க்கத்துக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு அதற்குத் தீங்கிழைக்கிறார் என்று எச்சரித்தார். அவருக்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பு அகஸ்டினும் தம் மக்களை இவ்வாறே எச்சரித்திருந்தார். வானத்தையும் பூமியையும் பற்றிப் பிறர் நன்கறிந்த விஷயங்களில் கிறிஸ்தவர் பிதற்றினால், மறுமையைப் பற்றி அவர் கூறுவதை யார் நம்புவார்கள் என்பது அவர் கேள்வி. கடலின் இரு கரைகளில் நிற்பது போன்ற இவ்விருவரும் ஒரே பள்ளத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நாம் அதில் விழுந்துவிட்டு, அடுத்தவர் விழுந்ததாக அறிவித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே பெற்றோர்களே, அந்தச் செய்தி மீண்டும் வரும். வரும்போது அனுப்பியவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "போப் எதை ஒப்புக்கொண்டார்? உடலையா, ஆன்மாவையா, ஆதாமையா?" பதில் தெரியாதவர் அடுத்த முறை அனுப்பத் தயங்குவார். பதில் தெரிந்தவரோடு உட்கார்ந்து பேசுங்கள்; பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஒரு கடினமான கேள்வியைக் கோபமின்றி எடுத்துப் பேசுவதைப் பிள்ளைகள் ஒருமுறையேனும் கண்ணால் காணட்டும்.

கேள்வியைக் கண்டு அஞ்சாத ஈமானையும், மாற்றாரிடமும் நீதி தவறாத நாவையும் அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக. ஆமீன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.